சிலுவைத் திருநாள் வரை நான்கு வரிசை

லா ரிங்கோனாடா, பியூமோ
4 பிப்ரவரி 1996, ஞாயிறு

லிசார்டோ தம்பிக்கு,

இன்று பகல் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: மேசைத் தலைப்பில் உன் அண்ணன் நிபால்டோ. அவருக்கு வலது பக்கம், ஒயின் ஆலையிலிருந்து வந்த தோன் அமதோர். இடது பக்கம் என் மகன் கஸ்தோன். அவனுக்கு அடுத்து அவன் மனைவி மிர்த்தா, ஆறு மாத வயிற்றோடு. அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே நான். மொத்தம் ஐந்து பேர். சோள மாவை மடலில் பொதிந்து ஊமித்தா இருபத்திரண்டு அவித்தேன், மிஞ்சியது மூன்று. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவது யாரோ சொல்லிக் கேட்டதல்ல, நானே அங்கே இருந்து கேட்டது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

தோன் அமதோர் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்த பிறகுதான் பேச்சை எடுத்தார். கீழ் நிலத்து மெர்லோ திராட்சையை எப்போதும்போல வாங்கிக்கொள்வாராம். மேட்டு நிலத்தில் விளைவதை இந்த வருஷம் முதல் வாங்கமாட்டாராம்.

"கோவிச்சுக்காதீங்க தோன் நிபால்டோ. உங்க மேட்டு மெர்லோ பீப்பாயைத் திறந்தா ஒயின் வாசம் வரல. பச்சைக் குடமிளகாயை நறுக்கின வாசம்தான் வருது."

மேட்டில் இருக்கிற நாற்பத்தோரு வரிசையையும் பிடுங்கிவிட்டுக் கபெர்னே திராட்சை நடலாம் என்றான் கஸ்தோன். அறுவடை முடிந்து ஜூன் பத்தாம் தேதி மண் தோண்டும் இயந்திரத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்றான். அதற்கு உன் அண்ணன் சொன்னது இது, வார்த்தை மாறாமல்: "அது லிசார்டோ கெடுத்த நிலம். அவன் போன அன்னிக்கே பிடுங்கியிருக்கணும்."

பதினொரு வருஷத்தில் உன் பெயர் இந்த மேசையில் விழுந்தது இன்றுதான். மிர்த்தா, "அது யாரு?" என்று கேட்டாள். நான் தட்டுகளை எடுத்தேன்.

தம்பி, நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்தை ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் கலியாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியும், நீங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். எந்த அர்ச்சியசிஷ்டர் திருநாளில் கொடி துளிர்த்தது, எப்போது பூத்தது, எப்போது காய் கறுத்தது, எவ்வளவு மழை என்று அதில் இருக்கிறது. நேற்று அதை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு வருஷமும் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறேன், எழுதியதை ஒரு வருஷமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏப்ரல் கடைசியில் மாற்கு திருநாள் வாக்கில் கீழ் நிலத்து இலைகள் மஞ்சளாகின்றன. மேட்டு நிலத்து இலைகள் சிவக்கின்றன, வேதசாட்சிகள் திருநாளுக்குச் சாமியார் போடும் அங்கி மாதிரி.

இரண்டும் ஒரே கொடி என்றால் ஏன் இரண்டு நிறத்தில் வாட வேண்டும்? மேட்டில் நட நீ கொண்டுவந்த அந்தக் குச்சிகளை எங்கே வெட்டினாய்? அது மெர்லோ என்று யார் உனக்குச் சொன்னது?

இந்தக் கடிதம் உன் அண்ணனுக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்தேன். நம் சாமியாரும் உன் அண்ணனும் சீட்டாடுகிறவர்கள். அதனால் மாதாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உன் அண்ணி,
எடெல்மிரா


புயின்
15 பிப்ரவரி 1996

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. மேசையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது.

நிலநடுக்கம் வந்த வருஷம், மார்ச் மாதக் கடைசி, அறுவடை விருந்து. இருந்தவர்கள்: அண்ணன். நான். பறிப்பு ஆட்கள் பதினேழு பேர். கையில் குழம்புச் சட்டியோடு நீங்கள். அன்று காலையில்தான் ஆலை நம் ஒயினைத் திருப்பி அனுப்பியிருந்தது. அண்ணன் சொன்னது உங்கள் நோட்டில் இல்லாவிட்டாலும் என் மண்டையில் இருக்கிறது.

"குச்சி வெட்டப் போனவன் வழியில குடிச்சுட்டு, எந்த வரிசைன்னு கண்ணு தெரியாம வெட்டிட்டு வந்தான். பதினாலு வருஷமா அவன் குடிச்ச குடிக்கு நான் தண்ணி பாய்ச்சிட்டு இருக்கேன்."

பதினேழு பேரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசவும் இல்லை. அந்தக் குச்சிகளை ஈரச் சாக்கிலிருந்து அவிழ்த்து என்னோடு சேர்ந்து மணலில் புதைத்தது நீங்கள். நான் எந்த நிலையில் வீட்டுக்கு வந்தேன் என்று கிட்டத்தில் பார்த்தது நீங்கள். நிலத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

சரி. கேட்டதற்குப் பதில்.

இங்கே பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில் வெட்டினேன். மேஸ்திரி காட்டிய வரிசை. அவன் அதை மெர்லோ என்றான். அவன் அப்பனும் மெர்லோ என்றான். இந்த நாட்டில் எல்லாரும் அதை மெர்லோ என்றுதான் சொன்னார்கள். கொஞ்சம் பிந்திப் பழுக்கிற மெர்லோ, அடம்பிடித்த மெர்லோ, அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலு நவம்பரில், இதே பள்ளத்தாக்கில் வேறொரு தோட்டத்துக்குப் பிரான்சிலிருந்து கொடி படித்த ஆள் ஒருவர் வந்தாராம். பூத்திருந்த நேரம். ஒரு பூவைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இது மெர்லோவே இல்லை என்றாராம். இதன் பெயர் கார்மெனேர். பிரான்சில் பொர்தோ பக்கத்துக் கொடி. நூறு வருஷத்துக்கும் முன்னால் அங்கே வேர்ப்பூச்சி வந்து தோட்டம் தோட்டமாகத் தின்றிருக்கிறது. திரும்ப நட்டபோது இதை நடவில்லை. பூ உதிர்க்கும், காய் சரியாகப் பிடிக்காது, பழுக்க நாளாகும், எவன் காத்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். செத்துப்போனது என்று எழுதியும் வைத்துவிட்டார்கள். அந்தப் பூச்சி வருமுன்பே நம் நாட்டுச் சீமான்கள் கப்பலில் இறக்கிய குச்சிக் கட்டுகளுக்குள்ளே இதுவும் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து மெர்லோவோடு நின்று, மெர்லோவோடு பறிபட்டு, மெர்லோவாகவே ஏச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நம் மேட்டில் நிற்பது அதுதானா என்று நான் சொல்ல முடியாது. நீங்கள் பாருங்கள். கொடி நுனியில் புதுத் தளிரைத் திருப்பிப் பாருங்கள். மெர்லோ என்றால் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினது போல இருக்கும். இதில் செம்பு பூசினது போல இருக்கும்.

அதுதான் என்றால், மார்ச்சில் பறித்துக்கொண்டிருக்கும்வரை அது குடமிளகாய்தான். பேரிக்காயைப் பிஞ்சில் பறித்துவிட்டு மரத்தைத் திட்டின கதை. இலை தானாகச் சிவக்கும்வரை கை வைக்கக் கூடாது. மே முதல் வாரம்.

பிடுங்கினால் பிடுங்கட்டும். எனக்கு என்ன.

லிசார்டோ


லா ரிங்கோனாடா
3 மார்ச் 1996, ஞாயிறு

லிசார்டோ தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை.

நோட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"1971 ஜூன் 28. நாளைக்கு இராயப்பர் சின்னப்பர் திருநாள். மாலை ஐந்து மணிக்கு லிசார்டோ வந்தான். மெர்லோ குச்சி 1,150. ஈரச் சாக்கு ஐந்து. வழியில் ரன்காகுவாவில் கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறான். வலது பக்கம் கீழே. கன்னம் வீங்கி ரொட்டி மெல்ல முடியவில்லை. பயற்றுச் சாறு இரண்டு கிண்ணம் குடித்தான். ஒயின் வேண்டாம், புண் எரியும் என்றான். குச்சிகளை இருட்டுமுன் மணலில் வைத்தோம். ஒன்றும் ஒடியவில்லை."

இது அந்த விருந்தன்றும் அலமாரியில் இருந்தது. பத்தடி தூரம். நான் எடுக்கவில்லை. சட்டி சூடாக இருந்தது, அதனால்தான் என்று பதினொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டியைக் கீழே வைத்திருக்கலாம். பதினேழு பேர் நடுவில் கட்டின புருஷனை எதிர்த்துப் பேச நா எழவில்லை. நோட்டை எடுத்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் பயந்தேன். உன்னைப் பார்த்து அவர்கள் சிரித்ததைவிட என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதுதான் உண்மை. இதைச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். சீட்டாடினாலும் பரவாயில்லை என்று சொன்னேன். மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். பாவத்துக்கு அது குறைவு என்று தோன்றியது, ஆறு சொன்னேன்.

இனி நிலம். தளிரைத் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தோரு வரிசையிலும் வரிசைக்கு ஒரு கொடி. எல்லாம் செம்பு. கீழ் நிலத்தில் பத்துக் கொடி பார்த்தேன், எல்லாம் பஞ்சு. நீ வெட்டினது ஒன்றும் தப்பான வரிசை இல்லை. செத்துப்போனதாக எழுதிவைத்த ஒன்று நம் மேட்டில் உட்கார்ந்து நம்மிடமே ஏச்சு வாங்கியிருக்கிறது. இயேசு உயிரோடு எழுப்பின லாசருகூடக் கல்லறையில் இருந்தது நாலே நாள்தான்.

ஆனால் இதைச் சொன்னால் இங்கே யார் கேட்பார்கள்? அதனால் ஒரு காரியம் செய்தேன். மிர்த்தாவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று நம் மே மாதச் சிலுவைக்கு நேர்ந்துகொண்டேன். ஓரத்து நான்கு வரிசையை மே மூன்று, சிலுவைத் திருநாள் வரை தொடுவதில்லை, அன்று பறித்து அதில் முதல் குடம் கோவிலுக்கு என்று. நேர்ந்த பிறகுதான் உன் அண்ணனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நேர்ந்திருந்தால் அது பொய். முன்னால் நேர்ந்ததால் பொய் இல்லை.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சிலுவைக்கு நாலு வரிசை போனா போகட்டும். ஜூன்ல எல்லாம் ஒண்ணுதான்." கஸ்தோன் மட்டும், "அம்மா, நீங்க சிலுவைக்கு நேரல, குருவிக்கு நேர்ந்திருக்கீங்க" என்றான்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்: என்னை மன்னித்துக்கொள். நான்கு வரிசையை என்ன செய்ய வேண்டும் என்றும் எழுது.

அண்ணி


புயின்
24 மார்ச் 1996

அண்ணிக்கு,

பல் விஷயம் எனக்கே மறந்துபோயிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாக்கால் துழாவினேன். ஓட்டை அங்கேயே இருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் தினமும் உட்கார்ந்து எழுதுகிற ஆளைப் பார்த்து நாங்கள் சிரித்தோம் அல்லவா? அதற்கு நானும் ஒரு ஜெபமாலை சொல்ல வேண்டும். எனக்குப் பாதிதான் தெரியும்.

இனி வேலை. அந்த நான்கு வரிசைக்குத் தண்ணீர் விடாதீர்கள். காலை வெயில் விழுகிற பக்கத்தில் குலையை மூடுகிற இலையை மட்டும் கிள்ளுங்கள். மாலைப் பக்கம் தொடாதீர்கள், வெந்துபோகும். குருவிக்குப் பழைய கேசட்டு நாடாவை இழுத்துக் கட்டுங்கள், காற்றில் கத்தும்.

ருசி பார்க்கும்போது இனிப்பை நம்பாதீர்கள். இந்தக் கொடி சர்க்கரையை முன்னாலேயே கொடுத்து ஆளை ஏய்க்கும். நம்மையும் அப்படித்தான் ஏய்த்தது, இனித்தது, பறித்தோம். தோலை மென்று பாருங்கள், பச்சைத் தண்டு வாடை வந்தால் இன்னும் இல்லை. விதையைக் கடியுங்கள். பச்சையாக நசுங்கினால் இல்லை. வறுத்த கோதுமை மாதிரி பழுப்பாகி, பல்லில் படக்கென்று உடைந்தால் அன்றுதான் நாள். மெர்லோ அவசரக்காரன். இது சீக்கிரம் வாய் திறக்காது. திறந்தால் கனமாகப் பேசும். இங்கே போன மே மாதம் ஒரு கோப்பை கிடைத்தது, அதனால் சொல்கிறேன். கறுப்பு. ஆனால் தொண்டையை அடிக்கவில்லை.

நோட்டை இப்போது அண்ணனிடம் காட்டாதீர்கள். காகிதத்தைக் காட்டி ஜெயித்தால் அவர் இன்னும் பத்து வருஷம் வீம்பாக இருப்பார். முதலில் ஒயின் அவர் வாய்க்குள் போகட்டும். நோட்டு அதற்குப் பிறகு காதுக்குள் போகட்டும். எது முன்னால் எது பின்னால் என்பது முக்கியம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மன்னிப்பு விஷயம்: சட்டி சூடாகத்தான் இருந்தது. ஆவி வந்ததைப் பார்த்தேன்.

லிசார்டோ


லா ரிங்கோனாடா
26 ஏப்ரல் 1996, வெள்ளி

லிசார்டோ தம்பிக்கு,

மேட்டில் மற்ற முப்பத்தேழு வரிசையையும் சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள், மார்ச் 20 அன்று பறித்துவிட்டார்கள். உன் அண்ணன் அதை நம் தொட்டியிலேயே மிதிக்கவிட்டார், வீட்டுச் செலவுக்கு. அதே குடமிளகாய். நான் ஒரு குடம் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் சாமியாரின் வண்டிக்குக் காவலாக உன் அண்ணன் வழக்கம்போலக் குதிரையில் போனார். தலைக்கு வெள்ளைத் துணி நான்தான் கட்டிவிட்டேன். வண்டிக்கு இடது பக்கம் போகிறவர் அவர். முன்பெல்லாம் அவருக்குப் பின்னால் நீ போவாய். அந்த இடத்தில் பதினொரு வருஷமாக ஒருவரையும் அவர் சேர்ப்பதில்லை. குதிரைக்கு உதைக்கிற பழக்கம் உண்டு என்பார். அந்தக் குதிரை உதைத்து நான் பார்த்ததில்லை.

இந்தத் திங்கட்கிழமை மழை. தகர டப்பாவில் ஒரு விரற்கடை. மழை விட்டதும் கஸ்தோன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். நான் சேற்றில் பின்னாலேயே போனேன்.

"அம்மா, ரெண்டு நாள்ல பூஞ்சணம் பிடிச்சிரும். நேர்ச்சையைக் கொஞ்சம் முன்னால முடிச்சா சிலுவை கோவிச்சுக்குமா?"

"சிலுவை கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு இறங்கிவிட்டான். பயமில்லை என்று சொல்லமாட்டேன். குலை குலையாகத் தூக்கி அடியில் ஊதி ஊதி ஈரத்தைப் போக்கினேன். நான்கு வரிசையில் நூற்றுப் பதினொரு கொடி. முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. அழுகினவை ஒன்பது குலை, கிள்ளிப் போட்டேன். செவ்வாய் சாயங்காலம் தெற்குக் காற்று வந்தது. கர்த்தருக்குத் தோத்திரம்.

நேற்று மாற்கு திருநாள். நான்கு வரிசையும் சிவந்துவிட்டது. மற்ற வரிசைகளும் சிவந்துதான் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பழம் இல்லை.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படி. நேற்றுக் காலை கோழிக்குத் தீனி போடும்போது மேட்டு வரிசைக்குள் உன் அண்ணன் தொப்பி தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு அவர் இறங்கி வந்தார். உதடு இரண்டும் நீலம். என்னைத் தாண்டிப் போகும்போது நிற்காமலே சொன்னார்.

"விதை இன்னும் பச்சை விடல. இன்னும் எட்டு நாள்னு எழுது."

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் இருந்த தீனி முழுவதையும் ஒரே கோழிக்குப் போட்டுவிட்டேன்.

எத்தனை நாள் தொட்டியில் விட வேண்டும், எழுது. இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

அண்ணி


புயின்
29 ஏப்ரல் 1996

அண்ணிக்கு,

இதைப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்ப முடியாது.

காலைக் குளிரில் பறியுங்கள். குச்சி அடுக்கின சல்லடைப் பலகை மேல் குலையைத் தேய்த்துக் காம்பை நீக்குங்கள், ஒரு காம்புகூட உள்ளே போகக் கூடாது. காம்பும் மிளகாய்தான். சிமெண்டுத் தொட்டி வேண்டாம், மரத் தொட்டி. காலால் மிதியுங்கள். பொங்குகிற நாளில் தோல் மேலே தொப்பி மாதிரி ஏறும், காலை மாலை அமுக்கிவிடுங்கள். பன்னிரண்டு நாள். பிறகு வடித்துவிடுங்கள். மூன்றாம் வாரம் ருசி பார்த்தால் முரடாக இருக்கும், பயப்படாதீர்கள்.

இங்கே உள்ள கொடியின் இலை ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். உங்கள் இலையோடு வைத்துப் பாருங்கள்.

ஒரு விஷயம். அண்ணன் "எழுது" என்றாரா? அந்த வார்த்தையேதானா? அல்லது "சொல்லு" என்றாரா? நோட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வேறு ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

லிசார்டோ


லா ரிங்கோனாடா
2 ஜூன் 1996, திரித்துவ ஞாயிறு

லிசார்டோ தம்பிக்கு,

முதலில் நீ கேட்டது. 1996 ஏப்ரல் 25, காலை ஏழே கால். "எழுது" என்றுதான் சொன்னார்.

இன்று மேசையில் இருந்தவர்கள்: உன் அண்ணன். தோன் அமதோர். கஸ்தோன். மிர்த்தா. அவள் மடியில் மே ஒன்பதாம் தேதி பிறந்த பெண் குழந்தை, மூன்று கிலோ நானூறு, தூக்கத்தில் இருந்தாலும் கணக்கில் சேர்க்கிறேன். பிறகு நான். இந்தத் தடவை நானும் உட்கார்ந்திருந்தேன். குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தோன் அமதோரை நான்தான் ஆளனுப்பிக் கூப்பிட்டேன். இரண்டு மண்குடம் வைத்தேன், இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் மார்ச்சில் பறித்தது. ஒன்றில் சிலுவைத் திருநாளில் பறித்தது. எது எது என்று சொல்லவில்லை.

முதல் குடத்தை முகர்ந்ததும் தோன் அமதோர் சிரித்தார். "இவரை எனக்குத் தெரியும். குடமிளகாய் ஐயா." இரண்டாவதை முகர்ந்தார், சிரிக்கவில்லை. கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். நடுவில் மை, ஓரத்தில் ஊதா. ஒரு வாய் குடித்தார். பிறகு ரொட்டி கேட்டார், தின்றார், மறுபடி குடித்தார். கறுப்புப் பிளம்ஸ் என்றார். புகையில் காய்ந்த மிளகாய் என்றார். அடியில் கருப்பட்டி மாதிரி என்னமோ என்றார். முரடுதான், ஆனால் உட்கார வைத்தால் படிந்துவிடும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது யார் தோட்டத்துது? சொன்னா அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

உன் அண்ணன் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "என்னோடது. மேட்டுது" என்றார்.

நீ எழுதின பெயரை நான் சொன்னேன். என் வாயில் அது சரியாக நுழையவில்லை. தோன் அமதோருக்குப் புரிந்தது, சாந்தியாகோவில் அந்தப் பேச்சு அடிபடுகிறதாம். உன் இலையையும் நம் இலையையும் ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சகோதரிகள் மாதிரி இருந்தன. கொடியை வைத்திருந்து வருகிற வருஷம் மே மாதம் பறித்தால் பார்க்கலாம் என்றார். வாக்குக் கொடுக்கவில்லை. நோட்டில் "பார்க்கலாம்" என்றே எழுதியிருக்கிறேன்.

கஸ்தோன், "இயந்திரத்துக்குச் சொல்லியாச்சேப்பா" என்றான்.

"வரட்டும். கால்வாய் தூர்ந்து கிடக்குது, அதைத் தோண்டட்டும்" என்றார் உன் அண்ணன்.

ஒயின் வாய்க்குள் போய்விட்டது. அதனால் நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். பத்தடிதான். நீ குடித்துவிட்டுக் குச்சி வெட்டினதாகச் சொன்ன நாள் இது என்று சொல்லிவிட்டு, 1971 ஜூன் 28ஐ எல்லார் முன்னாலும் படித்தேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. "ஒன்றும் ஒடியவில்லை" என்பது வரை படித்தேன். முடித்ததும் மிர்த்தா, "இவருதான் அந்த லிசார்டோவா? பல்லு வலியோட வந்தவரையா குடிகாரர்னீங்க?" என்றாள். அவளுக்கு இந்த வீட்டில் எதைப் பேசக் கூடாது என்று இன்னும் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

உன் அண்ணன் ரொட்டியால் தட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எந்தப் பக்கத்துப் பல்லு?"

"வலது. கீழ" என்றேன்.

"ஆமா" என்றார். ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "வீங்கியிருந்துச்சு. நானும் பார்த்தேன்" என்றார்.

தம்பி, இவ்வளவு காலம் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இதை மறைத்து எழுதினால் நீ சந்தோஷமாக இருப்பாய், ஆனால் இந்த நோட்டில் அப்படி எழுதும் பழக்கம் இல்லை. எதற்கு அப்படிச் சொன்னார் என்று தோன் அமதோர் போன பிறகு கேட்டேன். ஆலை ஒயினைத் திருப்பி அனுப்பின அன்று, பதினேழு பேர் முன்னால், தப்பு தன்னுடையது இல்லை என்று காட்ட யாராவது ஒருத்தன் வேண்டியிருந்தது என்றார். மறுநாள் நீயே திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தாராம். நீ வரவில்லை. அப்புறம் நாளாகிவிட்டது என்றார்.

மன்னிப்பு என்கிற வார்த்தையை அவர் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனார். திரும்பி வந்து வாசல்படியில் நின்றபடி சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

"எழுது. நாப்பத்தோரு வரிசை கவாத்து பண்ணணும். எனக்கு முதுகு வளையல. கஸ்தோனுக்கு மெர்லோதான் தெரியும், இது தெரியாது. இராயப்பர் திருநாளுக்கு முன்னால வந்தா நல்லது." படியிறங்கிப் போனவர் திரும்பி, "அந்தக் குதிரை உதைக்காதுன்னும் எழுது" என்றார்.

அது போதுமா போதாதா என்று நான் சொல்ல முடியாது, சொல்ல வேண்டியவன் நீ. போதாது என்று நீ எழுதினாலும் அவரிடம் அப்படியே படித்துக் காட்டுவேன். இந்தத் தடவை சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. நான்கு வரிசை ஒயினில் முதல் குடம் கோவிலுக்குப் போய்விட்டது. இன்னொரு குடத்தை மெழுகு வைத்து மூடி உனக்கென்று வைத்திருக்கிறேன். கஸ்தோன் கண் அதன் மேல் இருக்கிறது.

இலைகள் உதிர ஆரம்பித்துவிட்டன. கவாத்துக்கு நாள் நெருங்குகிறது. வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அண்ணி,
எடெல்மிரா